மருந்துக்கு முன் தரையைப் பாருங்கள்

பொரித்து இரண்டு நாளான கோழிக்குஞ்சு ஒன்று கால்களை இருபுறமும் அகட்டிக்கொண்டு, எழ முடியாமல் வயிற்றால் தேய்ந்து நகர்ந்தால், வளர்ப்பவர்கள் முதலில் ஓடுவது மருந்துக்கடைக்குத்தான். வைட்டமின் சொட்டு ஒரு பாட்டில், கூடவே கால்சியம் ஒன்று வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்துவிட்டால் கடமை முடிந்தது. ஆனால் அந்த வயதில் அப்படிக் கிடக்கும் குஞ்சு பெரும்பாலும் ஏங்குவது பிடிமானத்துக்கு. அது நிற்கும் இடத்தைப் பாருங்கள்: செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியாகவோ வழவழப்பான பிளாஸ்டிக் தட்டாகவோ இருக்கும். நகம் ஊன்ற முடியாத தரையில் ஒவ்வொரு முறை எழும்போதும் கால் வெளிப்பக்கம் வழுக்குகிறது. எலும்பும் தசைநாரும் இளகிய பருவம் என்பதால், சில நாளிலேயே மூட்டு அந்தக் கோணலுக்குப் பழகிவிடுகிறது. இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி செல்சியஸிலிருந்து ஏறி இறங்கினாலும், கடைசி மூன்று நாளில் ஈரப்பதம் தவறினாலும் குஞ்சு இப்படிப் பிறப்பதுண்டு.

இதற்கான வைத்தியம் மலிவானது, நேரம் தவறினால் மட்டும் பலிக்காதது. ஒட்டும் மருத்துவப் பட்டையில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, இரு கால்களையும் கணுவுக்குக் கீழே, பாதத்துக்குச் சற்று மேலே எட்டுப் போலச் சுற்றி, நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் அளவு இடைவெளி விட்டு இணைக்க வேண்டும். கால் உடலுக்கு நேர் கீழே வர வேண்டும். நெருக்கிக் கட்டினால் குஞ்சு கவிழ்ந்துவிடும். நூலால் கட்டுவது கூடாது, ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துப்போகும். பெட்டியில் செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சாக்கு விரிக்கலாம். தண்ணீர் வைக்கும் மூடியில் கூழாங்கல் போடுவது அவசியம். நிற்கத் தெரியாத குஞ்சு அரை அங்குல நீரிலும் மூழ்கிச் சாகும். கட்டைத் தினமும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினால், முதல் ஓரிரு நாளிலேயே தொடங்கிய குஞ்சு ஒரு வாரத்துக்குள் நடந்துவிடுவதே வழக்கம். ஒரு வாரம் தாமதித்துக் கட்டிய குஞ்சுக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

‘வைட்டமினும் சேர்த்துக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்கலாம். பி வகை வைட்டமின்கள் மிகுந்தால் எச்சத்தில் வெளியேறிவிடும், உண்மைதான். ஏ, டி அப்படியல்ல, உடலில் தங்கும். அளவு மீறிய டி சிறுநீரகத்தையே கெடுக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருப்பதில் கட்டுப் போட வேண்டிய நாட்கள் கழிந்துவிடுவது.

சத்துக்குறைவால் கால் போவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதன் அடையாளம் வேறு. ஒன்றிரண்டு வாரக் குஞ்சு விரல்களை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு முழங்கணுவில் நடந்தால், அது ரைபோஃபிளேவின் என்னும் பி2 குறைவாக இருக்கலாம். அங்கே நலிவது தொடையில் ஓடும் நரம்பு. சீக்கிரம் கொடுத்தால் விரல் விரியும், நரம்பு கெட்டபின் கொடுத்தால் விரியாது. கணு வீங்கி, அதன் பின்பக்கத் தசைநார் இடம்விட்டுப் பக்கவாட்டில் நழுவினால் மாங்கனீசுக் குறைவைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1930களில் இதைக் கண்டுகொண்டார்கள். மாங்கனீசு நிறைந்திருப்பது நாம் மாட்டுக்குப் போடும் அரிசித் தவிட்டில் என்பது ஒரு வேடிக்கை. நழுவிய தசைநாரை எந்த மருந்தும் பழைய இடத்தில் கொண்டுவைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தவிட்டின் கதை இன்னும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாவின் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மானின் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்ததும், தவிடு போகாத, தீட்டாத அரிசி தின்ற கோழிகள் எழுந்து நடந்தன. மனிதர்களுக்கும் இப்படிக் கால் தளரச் செய்யும் பெரிபெரி நோயின் காரணம் பிடிபடவும், 1929இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைக்கவும் தொடக்கம் இந்தக் கோழிகளின் கால்கள்தான். அவரே முதலில் கிருமி என்றுதான் தேடினார். நோய் என்றதும் மருந்தை நினைக்கும் நம் பழக்கத்துக்கு அவ்வளவு பெரியவர்கள்கூட விலக்கில்லை போலும்.

நாட்டுக்கோழிக் குஞ்சுகள் காலங்காலமாக நொய்யைத் தின்றுதானே வளர்ந்தன என்று கேட்பார்கள். நொய் அவற்றின் தீனியில் ஒரு பங்குதான். தாய்க்கோழி குப்பையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் காட்டும். பானையில் சாணமும் ஓலையும் இட்டுக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போடுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். வெயிலில் திரிந்ததால் டி வைட்டமினும், சொரசொரப்பான மண்ணில் நடந்ததால் பிடிமானமும் கேட்காமலே கிடைத்தன. மொட்டை மாடிப் பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வெறும் நொய் தின்னும் குஞ்சுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளின் நிலை இதைவிட மோசம். அவற்றுக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தைப் போடுவதே சரி. அது கிடைக்கும்வரை அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் பொடியாக நறுக்கிய கீரையும் போதும்.

நலிந்ததைக் காப்பாற்றுவது இனத்தைக் கெடுக்கும் என்பது கோழி வளர்ப்பில் தேர்ந்தவர்கள் சொல்லும் மறுப்பு. பரம்பரைக் கோணல் உள்ள கோழியை இனவிருத்திக்கு விடக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. வழுக்கும் தரையால் கால் அகன்ற குஞ்சின் பரம்பரையில் அந்தக் குற்றம் இல்லையே, நாம் போட்ட காகிதத்துக்கு அது ஏன் பலியாக வேண்டும்? ஒரே தாய்களின் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் தொடர்ந்து விரல் சுருண்டு பிறந்தால் மட்டும் கதை வேறு. அங்கே பி2 குறைவது முட்டைக்குள்ளேயே, எனவே தீனியை மாற்ற வேண்டியது தாய்க்கோழிக்கு. ஒன்றரை மாதம் நன்றாக ஓடிய கோழி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிச் சாய்ந்தால், அது மாரெக் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை கிடையாது. தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட கோழியைத் தனியே பிரித்துவைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுவதுதான் வழி.