பறக்காத நாளுக்கும் சேர்த்துத்தான் பணம்

ஹெலிகாப்டரில் ஏறி, அந்தப் பருவத்தில் யார் காலும் படாத பனிச்சிகரத்தில் இறங்கி, இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு ஆயிரம் மீட்டர் கீழே சறுக்கி வருவதுதான் ஹெலி ஸ்னோபோர்டிங். அடிவாரத்துக்கு ஹெலிகாப்டர் திரும்ப வந்து, ஏற்றிக்கொண்டு போய், அடுத்த சிகரத்தில் விடும். நல்ல நாளாக அமைந்தால் பத்து முறைகூட இப்படி இறங்கிவிடலாம். ரோப்கார் ஓடும் வழக்கமான பனிச்சறுக்கு மையங்களில் காலை பத்து மணிக்குள் சரிவு முழுக்கத் தடம் விழுந்து பனி இறுகிப்போகும். இங்கே முழங்கால் ஆழத்துக்கு, சில நாள் இடுப்பு ஆழத்துக்கு, புதுப்பனி அப்படியே கிடக்கும். அகலமான பலகை அதில் புதையாமல் மிதக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பனித்தூள் தலைக்கு மேல் எழும்புகிறது. இந்த அனுபவத்துக்காக அலாஸ்காவுக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் வருகிறவர்கள் ஒரு வாரத்துக்குப் பல லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். அந்த வாரத்திலேயே இரண்டு நாளோ மூன்று நாளோ, அலாஸ்காவில் சில சமயம் முழு வாரமுமோ, மேகம் இறங்கி ஹெலிகாப்டர் கிளம்ப முடியாமல் போவதும் உண்டு. விடுதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கழியும் அந்த நாளைப் பணம் வீணான நாள் என்றுதான் பெரும்பாலோர் கணக்கு வைக்கிறார்கள். என் கணக்கு வேறு. அவர்கள் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பவற்றில் மிக மதிப்பானது, 'இன்று வேண்டாம்' என்று வழிகாட்டி சொல்லும் அந்தச் சொல்தான்.

இதைப் புரிந்துகொள்ள, ஹெலிகாப்டர் வந்ததால் எது போயிற்று என்று பார்க்க வேண்டும். 1951-இல் ஆஸ்திரியாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த மலை வழிகாட்டி ஹான்ஸ் க்மோசர், 1965-இல் பகபூ மலைகளில் ஹெலிகாப்டர் சறுக்கைத் தொழிலாகத் தொடங்கினார். முதலில் பயன்பட்டது பெல் 47 என்ற மிகச் சிறிய இயந்திரம். ஒரு தடவைக்கு இரண்டு பேரைத்தான் தூக்கும். அதற்கு முன்பு, சறுக்குக் கட்டையின் (ஸ்கீ) அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நான்கைந்து மணி நேரம் ஏறினால் ஒரே ஒரு இறக்கம் கிடைக்கும். அந்த ஏற்றம் உடம்பை வாட்டியது உண்மை. ஆனால் ஏறும்போதே மலை பேசியது. காலடியில் பனி 'தொம்' என்று அமுங்கும் ஓசை, கட்டைக்கு முன்னால் ஓடும் விரிசல், காற்று எந்தப் பக்கம் பனியைக் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது என்ற விவரம் எல்லாம் ஏறுகிறவருக்குத் தானாகத் தெரிந்தன. இன்று ஐந்தே நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஏற்றத்தின் களைப்போடு அது தந்த தகவலும் போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒரு சரிவு என்றிருந்தது பத்துச் சரிவாகியிருக்கிறது. பத்து முறையும் புதிதாக முடிவெடுத்தாக வேண்டும். தகவல் குறைந்து முடிவுகள் பெருகிய இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் வழிகாட்டி.

பனிச்சரிவு எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால் அவருடைய பொறுப்பின் கனம் விளங்கும். மலைமேல் கிடக்கும் பனி ஒரே குவியல் கிடையாது. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் பனியின் மேற்பரப்பில் இறகு வடிவப் படிகங்கள் முளைக்கும். பார்க்க அழகானவை, அவற்றின்மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் அதுவே பலவீனமான அடுக்கு. தரையில் கடுகைக் கொட்டி அதன்மேல் பலகையைச் சாய்வாக வைத்த நிலை அது. மேலிருக்கும் பனிப்பாளம் ஒரு மனிதனின் எடையில் விரிசல் விட்டு, மொத்தமாகக் கழன்று வழுக்கும். பாளம் பாளமாகக் கழலும் இந்தச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வுள்ள இடங்களில் நிகழ்கின்றன. ஸ்னோபோர்டுக்காரர்கள் தேடிப்போகும் சாய்வும் அதுதான் என்பது இந்த விளையாட்டின் தலையாய சிக்கல். பனிச்சரிவில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தச் சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான். எனவே வழிகாட்டிகள் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். 30 சென்டிமீட்டர் நீள அகலத்தில் ஒரு பனித்தூணைத் தனியாகச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு. மூன்றாம் நான்காம் தட்டிலேயே தூணின் மேற்பகுதி சட்டென்று நழுவி வந்தால் அந்தச் சரிவில் அன்று கால் வைக்கக் கூடாது. முப்பது தட்டுக்கும் அசையாமல் நின்றால்கூட அது அந்தக் குழியைப் பற்றிய செய்தி மட்டுமே. ஐம்பது மீட்டர் தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம்.

கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். எல்லோருடைய உடம்பிலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி கட்டப்பட்டிருக்கும். முதுகுப்பையில் மடக்குக் குச்சியும் மண்வாரியும் இருக்கும். இழுத்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பையும் இப்போது பரவலாகிவிட்டது. இவையெல்லாம் புதைந்த பிறகு தேடுவதற்கும், புதையும் ஆழத்தைக் குறைப்பதற்கும் உதவுபவை. முழுதாகப் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. அதற்குள் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. உடன் வந்த நான்கு பேர்தான் மீட்புப் படை. பாறையிலோ மரத்திலோ மோதி அடிபட்டு இறப்பவர்களுக்கு இந்தக் கருவிகள் எதுவும் செய்வதில்லை. ஸ்னோபோர்டுக்காரருக்குக் கூடுதலாக ஒரு சங்கடம்: சறுக்குக் கட்டையின் பூட்டு விழுந்தவுடன் கழன்றுகொள்ளும், பலகையின் பூட்டு கழலாது. பெரிய ஊசியிலை மரங்களின் அடியில் பனி நிரம்பாத பள்ளங்கள் உண்டு. தலைகீழாக அதற்குள் விழுந்தவர், காலில் பலகையோடு தானாக மீண்டு வருவது அரிது. பனிச்சரிவே இல்லாத நாளிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஜோடி ஜோடியாக, ஒருவர் பார்வையில் மற்றவர் இருக்கும்படி இறங்க வேண்டும் என்று வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆக, உயிர் காப்பது பெரும்பாலும் புறப்படும் முன் எடுக்கும் முடிவுதான். கனடாவில் இது ஒரு முறையாகவே வளர்ந்திருக்கிறது. 1991 முதல் அங்குள்ள நிறுவனங்கள், தொழிலில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்தாலும், தாங்கள் கண்ட பனிச்சரிவுகளையும் பனியடுக்கின் நிலையையும் தினமும் மாலையில் பொதுத் தகவல் வலையில் பகிர்ந்துகொள்கின்றன. மறுநாள் விடியுமுன் வழிகாட்டிகள் கூடி, தங்கள் பகுதியின் இறக்கப் பாதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'திறந்தது', 'மூடியது' என்று குறிக்கிறார்கள். ஒருவர் ஆட்சேபித்தாலும் அந்தப் பாதை மூடப்படும். காலையில் மூடியதை, மலைமேல் நின்று வெயிலையும் புதுப்பனியையும் பார்த்த பிறகு யாரும் திறக்க முடியாது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆசை தலைதூக்கும் இடத்திலிருந்து முடிவை எடுத்து, ஆசை இன்னும் விழிக்காத நேரத்தில் அது வைக்கிறது. பறத்தலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மேகமும் பனியும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிட்டால் விமானிக்குத் தரை எங்கே, வானம் எங்கே என்பது தெரியாது. 2021 மார்ச் 27 அன்று அலாஸ்காவின் நிக் பனியாற்றுக்கு அருகே ஹெலிகாப்டர் ஒன்று மலைமுகட்டில் மோதி விழுந்து, ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். செக் நாட்டின் மிகப் பெரிய செல்வந்தரான பெட்ர் கெல்னர் அவர்களில் ஒருவர். கிளம்பிய பனித்தூளில் விமானியின் பார்வை மறைந்திருக்கக்கூடும் என்றது விசாரணை. தேடுதல் தாமதமாகத் தொடங்கியதையும் சுட்டிக்காட்டியது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் சாகிறார்களே, அப்படியானால் வழிகாட்டியின் முடிவு என்பதே ஒரு பொய்யான ஆறுதல்தானே என்பது நியாயமான எதிர்க்கேள்வி. 2025 மார்ச் 24 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் காஸ்லோ அருகே, இறங்கி முடித்து ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தவர்கள் மீது பனிச்சரிவு வந்து மூன்று பேர் இறந்தார்கள். ஏறிப் போவதால் தகவல் கிடைக்கும் என்ற என் வாதத்தையும் ஒரு சம்பவம் சோதிக்கிறது. ஸ்னோபோர்டில் நான்கு முறை உலகச் சாம்பியனான கிரெய்க் கெல்லி, போட்டிகளை விட்டு விலகி மலை வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். 2003 ஜனவரி 20 அன்று கனடாவின் ரெவெல்ஸ்டோக் அருகே, தேர்ந்த வழிகாட்டியின் தலைமையில் நடந்தே ஏறிக்கொண்டிருந்த குழுவில் அவர் இருந்தார். பனிச்சரிவு வந்து ஏழு பேர் இறந்தார்கள், அவரும் ஒருவர். எனவே ஏற்றம் யாரையும் காப்பதில்லை. அது தருவது தகவல் மட்டுமே. வழிகாட்டியின் அறிவும் முழுமையானதில்லை. ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவு, வழிகாட்டி தேவையில்லை என்பதாக இருக்க முடியாது. அறிவுக்கு எல்லை இருக்கும் இடத்தில் 'வேண்டாம்' என்பது அடிக்கடி ஒலிக்க வேண்டும், அதைச் சொல்கிறவருக்கு இடைஞ்சல் கூடாது என்பதுதான் பொருத்தமான பாடம். அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கேமன், பலவற்றில் எச்சரிக்கை அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தன என்று காட்டினார். பழகிய இடம், பிறர் முந்திவிடுவார்கள் என்ற அவசரம், தலைவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை ஆகியவை அறிகுறிகளை மறைத்துவிட்டன.

'வேண்டாம்' என்று சொல்கிறவருக்கு இடைஞ்சல் வாடிக்கையாளரிடமிருந்தும் பணக் கணக்கிலிருந்தும் வருகிறது. பல நிறுவனங்கள் இறங்கும் உயரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகின்றன. ஒரு வாரத்துக்கு 30,500 மீட்டர் என்று உத்தரவாதம் தருவதும், அதற்கு மேல் இறங்கினால் தனியாக வசூலிப்பதும் கனடாவில் நெடுநாள் வழக்கம். அலாஸ்காவில் ஹெலிகாப்டர் ஓடும் மணிக்கணக்குக்குப் பணம் என்பதும் உண்டு. இறங்காத உயரத்துக்குப் பணம் திரும்ப வரும் என்றால் வாடிக்கையாளரின் ஏமாற்றம் தணிகிறது, அது நல்லதே. அதேசமயம் பறந்தால்தான் வருமானம் என்ற நிலை நிறுவனத்தின் மீது ஏறி உட்காருகிறது. மூன்று நாள் அடைபட்டுக் கிடந்துவிட்டு நான்காம் நாள் காலை வானம் வெளுக்கும்போது, விடுதியில் இருக்கும் ஒவ்வொரு முகமும் வழிகாட்டியைத்தான் பார்க்கும். புதுப்பனி கனமாக விழுந்து ஓய்ந்த அந்த நாள்தான் பனியடுக்கு மிகவும் நிலைகுலைந்திருக்கும் நாட்களில் ஒன்று. அன்று குறைந்த சாய்வுள்ள காட்டுப் பகுதியைக் காட்டும் வழிகாட்டியிடம் முகம் சுளிக்காத வாடிக்கையாளர், தன் குழுவின் பாதுகாப்புக்கு எந்தக் கருவிக்கும் குறையாத பங்கைச் செய்கிறார்.

இந்த விளையாட்டே வேண்டாம் என்பவர்கள் வேறொரு திசையிலிருந்து வருகிறார்கள். பிரான்ஸ், 1985-ஆம் ஆண்டின் மலைச் சட்டத்தால், பொழுதுபோக்குக்காக ஆட்களை மலைமேல் ஹெலிகாப்டரில் இறக்கிவிடுவதைத் தடைசெய்தது. சுவிட்சர்லாந்து குறிப்பிட்ட இறங்குதளங்களில் மட்டும் அனுமதிக்கிறது. எதிர்ப்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. மலை ஆடுகள் ஹெலிகாப்டர் நெருங்கும்போது மிரண்டு ஓடுவதைக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தீனி குறைந்து சேமிப்புக் கொழுப்பில் வாழும் விலங்குக்கு ஒவ்வொரு ஓட்டமும் இழப்பு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலை கரிபூ மான்கள் அருகிவிட்டன. தெற்கு செல்கிர்க் கூட்டத்தில் கடைசியாக எஞ்சிய மானை 2019 ஜனவரியில் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். முதன்மைக் காரணம் காடுகளை வெட்டியதும், அதனால் ஓநாய் போன்ற வேட்டை விலங்குகள் எளிதில் உள்ளே வந்ததும். ஹெலிகாப்டர் சறுக்கு அதன்மேல் ஏறிய கூடுதல் தொந்தரவு. எனவே கரிபூவும் ஆடும் குளிர்காலத்தைக் கழிக்கும் சரிவுகளைக் காலைக் கூட்டத்தில் மூடியே வைக்க வேண்டும், எவ்வளவு நல்ல பனி கிடந்தாலும். நெருக்கமான ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளுக்குப் பிரான்சின் தடை பொருந்தும். நூறு கிலோமீட்டருக்கு ஊரே இல்லாத இடத்துக்கு இந்தக் கட்டுப்பாடு போதும் என்பது என் கருத்து. எரிபொருள் விஷயத்தில் மட்டும் என்னிடம் பதில் இல்லை. நான்கு பேரைத் தூக்கும் ஒரு சிறிய ஹெலிகாப்டரே மணிக்குச் சுமார் 180 லிட்டர் குடிக்கிறது. இதை எந்த வாதமும் குறைத்துவிடாது.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. மணாலியைச் சுற்றியுள்ள ஹனுமான் டிப்பா, தேவ் டிப்பா மலைகளிலும் காஷ்மீரின் குல்மார்க்கிலும் ஹெலிகாப்டரில் போய்ச் சறுக்கியிருக்கிறார்கள். இந்தியர்களும் இப்போது ஸ்னோபோர்டு கற்கிறார்கள். இமயத்தில் உயரம் அதிகம். 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஹெலிகாப்டரின் தூக்கும் திறனும் அதற்கேற்பக் குறையும். கனடாவில் இருப்பது போல நிறுவனங்கள் மாலைதோறும் தகவல் பகிரும் நீண்ட பழக்கமும் இங்கே இல்லை. 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அஃபர்வாட் சரிவில் பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்து நாட்டவர் இறந்தார்கள். அங்கே ஹெலிகாப்டரே தேவையில்லை, ரோப்காரே உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ஹெலிகாப்டர் சறுக்குக்குப் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் கேளுங்கள்: வழிகாட்டியின் பயிற்சி என்ன, மலைமேல் போகுமுன் புதைந்தவரைத் தேடும் பயிற்சி எங்களுக்கு உண்டா, பறக்காத நாளின் பணம் யாருடையது. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதிலை எழுத்தில் தராத நிறுவனத்தோடு போகாதீர்கள்.