உங்களுக்குத் தெரியுமா? வேதம் மொழிமாறிய கதை

இந்திய எழுத்தில் அச்சாகி இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய நூல் தமிழ் நூல்தான். அச்சான இடம், திருவனந்தபுரத்துக்கு வடக்கே ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்விடும் கொல்லம். 1578 அக்டோபர் 20-இல் வந்த 'தம்பிரான் வணக்கம்', பதினாறே பக்கம். போர்த்துகீசிய ஞானோபதேசத்தை அண்டிரிக் அடிகளார் தமிழாக்கினார். செலவுக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். இதை மறக்கவே கூடாது.

மலையாளத்தில் நான்கு சுவிசேஷங்கள் 1811-இல் பம்பாயில் அச்சாயின. காயங்குளம் பிலிப்போஸ் ரம்பான் சுறியானியைப் பார்த்து மொழிபெயர்த்தார். திம்மப்ப பிள்ளை தமிழ் வேதாகமத்தைப் பார்த்து உதவினார். மலையாள வேதத்தின் தொடக்கத்திலேயே நம் தமிழ் இருக்கிறது! கோட்டயத்து மிஷனரி பெஞ்சமின் பெய்லியைத் தெரிந்த பலருக்கு இந்த இருவரின் பெயர் தெரியாது. அது நியாயமில்லை.

பெய்லியும் சாமானியர் இல்லை. சென்னையிலிருந்து வந்த மலையாள அச்செழுத்துகள் அவருக்குப் பிடிக்கவில்லை. கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்தே உருண்டை எழுத்துகளை வார்த்தார். புதிய ஏற்பாடு 1829-இல், முழு வேதாகமம் 1841-இல்.

தமிழில் வேதத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு ஒரு கேள்வி: கடவுளை என்ன சொல்லி அழைப்பது? சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார், பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார், பிறகு 'தேவன்' வந்தது, 1995-இன் திருவிவிலியத்தில் 'கடவுள்'.

தமிழும் மலையாளமும் நம் ஊரிலும் கைகோத்தன. பாளையம் எல்.எம்.எஸ். வளாகத்தைத் தாண்டாத திருவனந்தபுரத்துக்காரர் உண்டா? தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் தமிழிலும் மலையாளத்திலும் ஊழியம் செய்தது. மாநில எல்லை மாறியபின், 1959-இல் தென் திருவிதாங்கூர்த் திருமண்டலமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டானது.

பெய்லியை அனுப்பிய அதே சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தில்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் சாமுவேல் அஜாயி குரௌதரும் இருந்தார். சிறுவனாக அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு, 1822-இல் மீட்கப்பட்டவர். 1843-இல் தாய்மொழி யோருபாவுக்குச் சொல்லகராதி வெளியிட்டார், 1864-இல் பிஷப் ஆனார். யோருபா வேதாகமம் முழுமையானது 1880-களில்.

அந்த மொழிபெயர்ப்பு வேலை லேசானதல்ல. யோருபாவில் 'ஒக்கொ' என்ற ஒரே சொல், குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்து கணவன், மண்வெட்டி, வள்ளம், ஈட்டி என நான்காகும். கேட்டவுடன் எது என்று பிரித்தறிய, அந்த மொழியைப் பாலோடு குடித்த காது வேண்டியிருந்தது. அது குரௌதரிடம் இருந்தது.