கார் பேட்டரி: கெடுப்பது வெயில், பழி குளிருக்கு!

டெல்லியில் ஜனவரி மாதம் பிறந்துவிட்டால், காலையில் 'செல்ப்' எடுக்காமல் நிற்கும் கார்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். எல்லோரும் குளிரைத் திட்டுகிறார்கள். ஆனால் பேட்டரியைக் கெடுத்தது மே, ஜூன் மாத வெயில்தான்.

45 டிகிரி வெயிலில் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன. தண்ணீரும் வற்றுகிறது. கோடையில் என்ஜின் சுலபமாகச் சுழல்வதால் இது வெளியே தெரிவதில்லை. குளிரில் ஆயில் கெட்டியாகிறது. கிளப்ப அதிக கரண்ட் வேண்டும். அப்போதுதான் குட்டு உடைகிறது. இந்த ஊரில் ஒரு பேட்டரி 4 ஆண்டு உழைத்தாலே லாபம்தான்.

ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

இரவு முழுவதும் நின்ற காரில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். என்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது பேட்டரி மாட்டினால் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும். எல்லாக் கடைக்காரரும் இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது!

வாங்கும்போது

கார் கம்பெனி குறித்துள்ள ஆம்பியர்-அவர் அளவையே கேளுங்கள். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். மாறினால் ஒயர் எட்டாது. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் கார்களுக்கு அதற்கென்று உள்ள பேட்டரிதான் வேண்டும்.

தயாரான மாதத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். 6 மாதத்துக்கு மேல் கடையில் தூங்கியது வேண்டாம்.

'24+24 மாத வாரண்டி' என்றால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று. பிறகு விலையில் தள்ளுபடி மட்டுமே.

பழைய பேட்டரிக்கு விலையில் கழிவு உண்டு. அது பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.