டிஸ்க் பிரேக்கும் டிரம் பிரேக்கும்: லெ மான், 1953

ஜாகுவார் சி-டைப் பந்தயக் காரின் நான்கு சக்கரங்களிலும் டன்லப் டிஸ்க் பிரேக்குகள் இருந்தன. ஃபெராரி போன்ற போட்டிக் கார்களில் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிரம்முக்குள் வெப்பம் தேங்கும். அடுத்தடுத்து மிதித்தால் பிடிமானம் தளரும். அதனால் ஓட்டுநர் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வெளியே திறந்திருக்கும் டிஸ்க், காற்றுப் பட்டு விரைவில் ஆறும்.

லெ மான் பந்தயத் தடத்தின் முல்சான் நேர்பாதை சுமார் 6 கி.மீ. நீளம், அதன் முடிவில் கூர்மையான வலப்பக்கத் திருப்பம். அங்கே ஜாகுவார் ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக்கை மிதித்தனர். சுற்றுதோறும் மிச்சமான நொடிகள் 24 மணி நேரப் பந்தயத்தில் பெரிய முன்னிலையைத் தந்தன.

ஜாகுவாரை ஓட்டிய டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இணை மணிக்குச் சராசரியாக 170 கி.மீ. வேகத்தில் வென்றது. சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டிய முதல் லெ மான் வெற்றி இதுவே.