வருங்காலம் உரைக்கும் ஆங்கில வினைகள்

ஆங்கிலத்தில் வருங்காலத்தை முன்கூட்டி எண்ணுவதைக் குறிக்கும் வினைச்சொற்கள் பல உள்ளன. சொல்பவர் தம் சொல்லுக்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதே அவற்றைப் பெரிதும் பிரித்துக் காட்டுகிறது. 'எக்ஸ்பெக்ட்' என்பது ஒன்று நிகழும் என நம்பியிருப்பது. 'ஆன்டிசிபேட்' என்பதோ, 'முன்', 'பற்று' எனப் பொருள்படும் இலத்தீன் வேர்களிலிருந்து பிறந்தமையால், நிகழப்போவதற்கு ஏற்ப முந்திக்கொண்டு செயற்படுவதையும் உள்ளடக்கியது. மழை வரும் என்று எண்ணுவது முதல் வினை, அதற்காக வாய்க்காலைத் தூர்வாரி வைப்பது இரண்டாவது. இன்றைய வழக்கில் இவ்விரண்டும் பெரிதும் கலந்துவிட்டது இழப்பே.

அறிவியல் பயன்படுத்தும் வினைகளில், சொல்லுக்கு ஏற்கும் பொறுப்பின் வேறுபாடு உயிர் காக்கும் அளவுக்கு முக்கியமானது. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக இருந்து, 1854இல் பிரிட்டனின் வானிலைத் துறைக்குப் பொறுப்பேற்ற ராபர்ட் ஃபிட்ஸ்ராய், 1859ஆம் ஆண்டுப் புயலில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் நானூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியதை அடுத்துப் புயலெச்சரிக்கை முறையை உருவாக்கினார்; 1861 ஆகஸ்ட் 1 அன்று 'தி டைம்ஸ்' நாளிதழில் பொதுமக்களுக்கான வானிலை அறிவிப்பையும் வெளியிடச் செய்தார். அதற்கு அவர் தேர்ந்த சொல் 'ஃபோர்காஸ்ட்'. தம் அறிவிப்புகள் ஆரூடமோ அறுதியிட்ட கூற்றோ அல்ல, அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பெறும் கருத்து மட்டுமே என்று அவர் தெளிவாக வரையறுத்தார்.

கணக்கிட்ட கருத்துக்கும் அறுதியிட்ட கூற்றுக்கும் இடையிலான இந்தக் கோட்டை நிலநடுக்க ஆய்வாளர்கள் மேலும் அழுத்தமாக வரைகின்றனர். இடம், காலம், அளவு ஆகிய மூன்றையும் குறித்துச் சொன்னால்தான் அது 'பிரிடிக்ட்'. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993க்குள் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் நிகழும் என்று 1985இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அறிவித்தது. இடமும் அளவும் பொருந்தின, ஆனால் நிலம் அதிர்ந்தது 2004 செப்டம்பர் 28 அன்றுதான். பெரிய நிலநடுக்கம் எதையும் எவரும் இதுவரை இம்மூன்றுடனும் முன்னுரைத்ததில்லை என்பதே அவ்வமைப்பின் இன்றைய நிலைப்பாடு. ஆகவே அது வெளியிடுவது நிகழ்தகவை, அதாவது நிகழும் வாய்ப்பின் அளவை, மட்டுமே கூறும் 'ஃபோர்காஸ்ட்'. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014 முதல் 2043 வரையிலான 30 ஆண்டுகளில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கம் நிகழ 72 சதவீத வாய்ப்பு உண்டு என்ற அறிவிப்பு அவ்வகையது.

காலநிலை ஆய்வில் வழங்கும் 'புரொஜெக்ட்' வேறு வகை: கரியமில வாயு இன்ன அளவில் வெளியேறினால் வெப்பம் இன்ன அளவு உயரும் என்று, நிபந்தனையோடு சொல்வது.

தமிழ்ச் செய்திகளில் இவை யாவும் 'கணிப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சொல்லையே ஆண்டாலும், சதவீதத்தையும் கால வரம்பையும் நிபந்தனையையும் விடாமல் சேர்த்து எழுதுவது செய்தியாளர் கடமை.