வண்டலூர் பெற்ற அண்ணன்

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சிவப்பு நிறம், திறந்த கூரை, எட்டாத விலை என்றுதான் நினைப்பு ஓடும். பிரிட்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் ஸ்போர்ட்ஸ் கார்தான். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. ஆனால், அதன் அடியில் படுத்துப் பார்க்கும் பழைய மெக்கானிக் யாரானாலும் ‘இது நம்ம ஹெரால்டு ஆச்சே’ என்று சொல்லிவிடுவார். டிரையம்ப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது.

எனவே, கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் வீட்டுக் கொல்லையில் ஒரு கிளாசிக் காரைப் பிரித்துச் சேர்க்க ஆசைப்படுபவர் லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஸ்பிட்ஃபயரின் அண்ணன் நம் மாநிலத்துக்காரன்.

கழற்றுவதற்கு வசதியான பிறப்பு

ஹெரால்டு இப்படி அமைந்ததற்குக் காரணம் ஒரு நெருக்கடி. பிரிட்டனில் டிரையம்பை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர அடுத்த ஆள் இல்லை. வேறு வழியின்றித் தனி சேஸிஸ் ஒன்றைச் செய்து, பல இடங்களில் அடித்த சிறு சிறு தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி வடிவம் வரைய, 1959இல் வண்டி வெளிவந்தது. பானட்டும் முன் மட்காடுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

உதிரியாகக் கப்பலில் அனுப்பி, வேற்றூரில் பூட்டிக்கொள்ளவும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. வண்டலூர்க்காரர்கள் அதோடு நிற்கவில்லை. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. பிறகு அதுவே ‘கேஸல்’ ஆகி, 1977 வரை ஓடியது. எளிதாகப் பூட்டிய வண்டியை எளிதாகக் கழற்றவும் முடியும். தூக்க நாலு ஆள் இருந்தால் பாடியைத் தனியாக இறக்கிவைத்துவிடலாம்.

ஊரில் இருக்கும் கைகள்

கரும்பு டிராக்டரும் டிரெய்லரும் லாரியும் மலையேறும் ஜீப்பும் ஓடும் ஊரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. லேத்காரரிடம் கொடுத்தால் தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் கடைந்து தருவார். லாரி ஸ்பிரிங் பட்டைக்கு வளைவு ஏற்றுபவருக்கு ஹெரால்டின் பின்பக்கக் குறுக்குப் பட்டை விளையாட்டு. டிங்கரிங், சீட் தைக்கும் குஷன் வேலை, ரேடியேட்டர் அடைப்பெடுப்பது எல்லாம் அக்கம்பக்கத்திலேயே ஆகிவிடும். ரீபோர் மாதிரியான வேலைக்கு சேலம், பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை.

முதலில் சேகரிக்க வேண்டியது ஸ்பேனர். இந்த வண்டியின் போல்ட்டுகள் இன்ச் அளவில் இருக்கும். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் பிடிப்பது போலத்தான் தெரியும். துரு ஏறிய போல்ட்டில் பலம் கொடுத்ததும் வழுக்கித் தலையை உருட்டிவிடும். அப்புறம் வெல்டிங்தான்.

அவசரப்படக் கூடாத மூன்று இடங்கள்

முதலாவது, முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ‘டிரனியன்’ என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை நீட்டுவது பட்டறை வழக்கம். ஆனால், இங்கே ஊற்றச் சொல்லியிருப்பது கியர் ஆயில். கிரீஸ் கெட்டியாகி மரைக்குள் இறங்காமல் நின்றுவிடும். ஈரம் புகுந்து தண்டு அரிக்கும். ஒருநாள் அது ஒடிந்தால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு, இதே ஆபத்து.

இரண்டாவது, கிராங்க் ஷாஃப்ட். அது முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின்பக்க மெயின் பேரிங்கில் அரைநிலா வடிவத்தில் இரண்டு வாஷர்கள் உண்டு. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அவற்றின் மேல்தான் விழும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கப் புல்லியைக் கவனித்தால் போதும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புல்லி நகர்ந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று விழும்வரை ஓட்டினால் பிளாக்கே வீணாகும்.

மூன்றாவது, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு. ஹெரால்டில் சேஸிஸின் கிளைகள் பாடியின் ஓரம்வரை நீண்டு பாரத்தைத் தாங்குவதால், துருப்பிடித்த தகட்டைக் கழற்றிப் புதிதாகப் பூட்டலாம். ஸ்பிட்ஃபயரில் அந்தக் கிளைகள் இல்லை. பாரம் சுமப்பதே அந்தத் தகடுதான். கூரையும் இல்லாத வண்டி. கதவு இடைவெளியில் இரும்புச் சட்டம் கொடுத்து பற்றவைக்காமல் தகட்டை வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எத்தனை தட்டினாலும் கதவு சாத்தாது.

இந்த மூன்றும் முடிந்து, பிரேக்கும் ஒயரிங்கும் சரியான பிறகே பெயிண்ட். பளபளப்பை முதலில் பார்த்துவிட ஆசைப்பட்டு பட்டி பூசி அடித்தவர்கள், ஒரு மழைக்காலம் கழிந்ததும் கொப்புளத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

கல்வராயன் வளைவுகள்

முடித்த வண்டியை ஓட்டிப் பார்க்க, கச்சிராயப்பாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பாதை கண்ணெதிரே இருக்கிறது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் வளைவுகளில் ஸ்டியரிங் கொண்டாட்டமாக இருக்கும். ஏற்றத்தில் 948 சி.சி. எஞ்சின் மூச்சிரைக்கும், ரேடியேட்டரின் யோக்கியதை அங்கே தெரிந்துவிடும்.

இறக்கத்தில்தான் அடக்கம் தேவை. இதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து தனித்தனியாக ஊசலாடும் ஆக்சிலில் நிற்கின்றன. வளைவின் நடுவில் பயந்து திடீரென ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ, பின்பக்கம் மேலெழும்பி வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கும். வண்டியின் வால் வீசும். பிரிட்டிஷ்காரர்கள் 1970இல் ஸ்பிட்ஃபயரின் பின் ஸ்பிரிங்கை மாற்றியது இந்தக் குணத்தை அடக்கத்தான். வண்டலூரில் கேஸலுக்கு நேர் ஆக்சிலே போட்டுவிட்டார்கள். பழைய ஹெரால்டு வைத்திருப்பவர் வளைவுக்கு முன்பே வேகம் குறைத்து, கியரை இறக்கி, சீராகத் திரும்ப வேண்டும்.

கரும்பும் கார்புரேட்டரும்

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை வைத்திருக்கும் கரும்பு மாவட்டம் கள்ளக்குறிச்சி. கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனால் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விவசாயிக்கு அது வருமானம். பழைய காருக்கு அது வயிற்றுவலி. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் கால ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் அது ஊறவைத்து இளக்கும். ஈரத்தை இழுத்து டேங்குக்குள் துரு ஏற்றும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயாஃப்ரம் போட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டி என்றால் டேங்கைக் காலிசெய்துவிடுவது நல்லது. 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால், எஞ்சின் ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின உலோக சீட் பொருத்திக்கொள்வதும் லாபம்.

சட்டம் கேட்கும் அசல்

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த கார் ‘வின்டேஜ்’ பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு சாலையில் ஓட்டலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. முக்கிய நிபந்தனை, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. சுலபம் என்று மாருதி எஞ்சினை ஏற்றினால் இந்தப் பதிவுக்கு ஆசைப்பட முடியாது.

1977இன் கடைசி கேஸல்களும் 2027இல் ஐம்பதைத் தொட்டுவிடும். அப்போது வண்டலூரில் பிறந்த ஹெரால்டு குடும்பம் மொத்தமும் இந்த வயது வரம்புக்குள் வந்திருக்கும். எங்காவது ஒரு கொட்டகையில் கோழி முட்டையிடும் நிலையில் ஒன்று கிடைத்தால், விலை பேசுவதற்கு முன் சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். தகட்டை வெட்டி ஒட்டலாம், புஷ்ஷைக் கடையலாம், சீட்டைத் தைக்கலாம். நம்பரை மட்டும் எந்த லேத்திலும் கடைந்து வாங்க முடியாது.