உலகமே எதிர்த்து ஆடிய ஆட்டம்

1999 ஜூன் 21 அன்று அப்போதைய உலக சதுரங்க சாம்பியன் கேரி காஸ்பரோவ் தன் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். எதிரே கறுப்புக் காய்களுடன் இருந்தது உலகம். 75-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000-க்கும் அதிகமானோர் இணையத்தில் வாக்களிப்பார்கள். அதிக வாக்கு பெறும் நகர்த்தலே கறுப்பின் பதில். நகர்த்தலுக்கு ஒரு நாள் அவகாசம். அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் நிதானம்தான் இதிலும்.

உலகம் தேர்ந்தது சிசிலியன் தற்காப்பு. வெள்ளையைப் போல நடுச்சிப்பாயைத் தள்ளாமல், ராணிப் பக்கத்து மந்திரியின் சிப்பாயை முன்னேற்றுவது அது. சமச்சீர் முதல் நகர்த்தலிலேயே குலைகிறது. இரு தரப்புக்கும் வெல்ல வாய்ப்பு திறக்கிறது.

பத்தாவது நகர்த்தலில்தான் அதிசயம். உலகத்துக்கு நகர்த்தல்களைப் பரிந்துரைத்த ஆலோசகர்களில் ஒருவரான 15 வயது ஐரினா க்ரஷ், ராணியை முன்னே கொண்டுவந்து வெள்ளையின் இரண்டு சிப்பாய்களை ஒரே நேரத்தில் தாக்கச் சொன்னார். அதற்கு விலையாக ஒரு யானை போகும். பதிலுக்கு ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும் கிடைக்கும். உலகம் துணிந்தது. அதன்பின் உலக சாம்பியனுக்கு எளிதான நாள் ஒன்றுகூட வாய்க்கவில்லை. வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று அவரே பின்னர் சொன்னார்.

ஐம்பது நகர்த்தல்கள் முடிந்தபோது பலகையில் எஞ்சியவை ஏழே காய்கள். அவற்றில் இரண்டு ராணிகள். பார்க்க எளிமை, உள்ளே காடு. திறந்த பலகையில் ராணி 27 கட்டங்கள்வரை செல்ல முடியும்; செக் மேல் செக் வைத்தபடியே தோல்வியைத் தள்ளிப்போடலாம். 58-வது நகர்த்தலுக்கு ஐரினாவின் பரிந்துரை தாமதமாக வந்து சேர்ந்தது. வாக்குகள் வேறொரு நகர்த்தலுக்குப் போயின. தோல்வியை அந்தத் தாமதத்தின்மேல் சுமத்தியவர்கள் பலர். அது சரியல்ல என்றே நினைக்கிறேன். ஐரினா சொன்னதை ஆடியிருந்தாலும் வெள்ளைக்கே வெற்றி என்று காஸ்பரோவ் பின்னர் ஆய்ந்து காட்டினார். 62-வது நகர்த்தலில் அவருடைய சிப்பாய் ராணியாக ஒரே கட்டம் இருந்தது. அக்டோபர் 22 அன்று உலகம் வாக்களித்துத் தோல்வியை ஏற்றது.

2012-ல் மாஸ்கோவின் லொமொனோசொவ் சூப்பர் கணினி, ஏழு காய் நிலைகளுக்கான அட்டவணைகளைக் கணித்து முடித்தது. செக்மேட்டிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா, தோல்வியா, டிராவா என்று குறித்துக்கொண்டே போகும் முறை இது. அந்த ராணி ஆட்டத்துக்கான விடையை இன்று நொடியில் எடுத்துவிடலாம். 1999-ல் ஐந்து காய்களுக்கான அட்டவணைகளே கையில் இருந்தன. மிச்சத்தை இரு தரப்பும் இரவு பகலாக யோசித்தே கண்டார்கள்.